எரிப்பதா, விட்டுவிடுவதா?

கேள்வி: நாகை பக்கம் எண்ணெய்க் கிணற்றருகே இரவு பகலாகத் தீ எரிகிறதே, அந்த வாயுவை எரிக்காமல் காற்றில் விட்டால் புகையாவது குறையாதா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: விடவே கூடாது. எண்ணெயோடு மேலே வரும் வாயுவில் பெரும்பங்கு மீத்தேன். 20 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். எரித்தால் கரியமில வாயுவாகிவிடும்; அந்த வகையில் தீயே தேவலை. ஆனால் பலத்த காற்றில் சுடர் சாயும். பற்றவைக்கும் குட்டிச் சுடரே அணைந்துவிட்டால் மீத்தேன் அப்படியே வெளியேறும். கண்ணுக்குத் தெரியாது, அகச்சிவப்புக் கேமராவில்தான் பிடிபடும். வாயுவைக் குழாயில் அனுப்பி விற்பதோ, அங்கேயே ஜெனரேட்டர் ஓட்டுவதோதான் சரியான வழி.

சத்தமில்லாத வில்லன் வேறு: வாயு அழுத்தத்தாலேயே இயங்கும் வால்வுகள். ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் மீத்தேனைத் துப்பும். அழுத்தக் காற்றுக்கோ மின்சாரத்துக்கோ மாற்றினால் நின்றுவிடும். வாயுவை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸரின் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் தேய்ந்தாலும் கசிவு கூடும்.

கசிவு வீட்டிலும் வரலாம். உங்கள் வீட்டு சிலிண்டரில் இருப்பது மீத்தேன் அல்ல, புரொப்பேனும் பியூட்டேனும். ரெகுலேட்டர் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. மார்கழிக் குளிரில் பியூட்டேன் மந்தமாகி அடுப்பு தணிந்தால், சிலிண்டரைச் சூடாக்க மட்டும் முயலாதீர்கள்.