புது மீட்டரைத் திருப்பி அனுப்பலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு டெக்னீஷியனாக இருக்கிறேன். 14 எனர்ஜி மீட்டர்கள் ஒரே ஆர்எஸ்-485 தொடர்பு வயரில் வரிசையாக உள்ளன, அவை தகவல் அனுப்பும் முறை மோட்பஸ்தான். கடைசி மீட்டர் பழுதாகி, அதே மாடலில் புதியது மாட்டினேன். 14ஆம் மீட்டர் இன்னும் பதில் தரவில்லை. நன்றாக இருந்த 1ஆம் மீட்டரும் தடுமாறுகிறது. மற்றவற்றிலும் அவ்வப்போது டைம்அவுட், அதாவது நேரத்துக்குள் பதில் வருவதில்லை. புது மீட்டர்தான் கோளாறு, திருப்பி அனுப்பு என்கிறார் சூப்பர்வைசர். அனுப்பிவிடலாமா?

க.

அன்புள்ள தம்பி,

கொஞ்சம் பொறுங்கள். 1ஆம் மீட்டரும் தடுமாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதில்தான் இருக்கிறது. புதிய மீட்டர்கள் பெரும்பாலும் முகவரி 1 என்ற அமைப்போடுதான் பெட்டியிலிருந்து வரும். மோட்பஸ் 1979-இல் வந்த முறை. எது கழன்றது, எது சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. மாஸ்டர், அதாவது மீட்டர்களிடம் கணக்குக் கேட்கும் கருவி, எண்ணைச் சொல்லிக் கூப்பிடும், அந்த எண்ணுக்கு உரியது பதில் தரும், அவ்வளவுதான். இப்போது 1 என்று கூப்பிட்டால் இரண்டு மீட்டர்கள் ஒரே நேரத்தில் பேசுகின்றன. 14 என்று கூப்பிட்டால் ஆளே இல்லை. புது மீட்டரின் தொடர்பு வயரை மட்டும் விலக்கிப் பாருங்கள். 1 சரியாகிவிட்டால் காரணம் இதுதான். முகவரியை 14 ஆக்குங்கள். பாட் ரேட் (தகவல் போகும் வேகம்), பாரிட்டி (பிழை பார்க்கும் அமைப்பு) இரண்டும் மற்ற மீட்டர்களில் உள்ளபடியே இருக்கட்டும்.

மற்றவற்றில் வரும் டைம்அவுட் வேறு சங்கதியாக இருக்கலாம். இந்த வயரின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி, பின்னால் வரும் சிக்னலைக் கெடுக்கும். குறுகிய வயரில், நொடிக்கு 9600 பிட் வேகத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. நீளமும் வேகமும் கூடக் கூடத் தலைகாட்டும். நீங்கள் கழற்றியது கடைசி மீட்டர் அல்லவா? அந்த ரெசிஸ்டர் அதன் டெர்மினலில் இருந்திருக்கும், அல்லது உள்ளே ஒரு சுவிட்சாக இருந்திருக்கும். மீட்டரோடு அதுவும் போயிருக்கும். பழையதை யாரும் தூக்கிப் போடுவதற்குள் எடுத்துப் பாருங்கள். அப்புறம், எல்லாவற்றிற்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தொடர்பு வயரின் ஏ, பி என்ற இரண்டு இழைகளுக்கு நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 60 ஓம் பக்கம் காட்டினால் இரண்டு முனையும் சரி. 120 பக்கம் காட்டினால் ஒன்று இல்லை.

(நடுவில் உள்ள மீட்டரைக் கழற்றும் நாள் வந்தால், வரும் வயரையும் போகும் வயரையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதற்கு அப்பால் உள்ளவை எல்லாம் செத்துவிடும்.)

நீங்கள் எழுதாத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. மீட்டர் சிடி (பெரிய கரண்டைச் சிறிதாக்கி மீட்டருக்குத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாக இணைந்திருந்தால், லோடு ஓடும்போது சிடி வயரைக் கழற்றவே கூடாது. திறந்த முனைகளில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் எழும். முதலில் மீட்டருக்கு வரும் சிடியின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து ஷார்ட் செய்யவேண்டும், அதையும் சார்ஜ்மேன் (தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளர்) பார்வையில் செய்யவேண்டும். சூப்பர்வைசர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் 14 பேசாவிட்டால், அதை மட்டும் லேப்டாப்பில் தனியாக இணைத்துப் பாருங்கள். அங்கேயும் பதில் வராவிட்டால் திருப்பி அனுப்பலாம்.