கடலில் விழுந்த போனை எத்தனை நாள் அரிசிக்குள் வைத்திருக்க வேண்டும்?

நிலாவெளியில் படகிலிருந்து இறங்கும்போது போன் கடலில் விழுந்தது, எடுத்து அணைத்து அரிசிக்குள் புதைத்துவிட்டேன், எத்தனை நாள் கழித்துத் திறக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நாள் கணக்கெல்லாம் வேண்டாம், இப்போதே வெளியே எடுங்கள்.

திருகோணமலையில் போன் திருத்துவது என் தொழில். கிணற்றடியில் வாளிக்குள் விழுந்த போன், மாரி மழையில் சட்டைப் பையோடு நனைந்த போன் எல்லாம் வரும். அவற்றில் பல பிழைத்துக்கொள்ளும். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்குப் போய்க் கடலில் நனைந்து வருபவைதான் சிக்கல். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். போதாக்குறைக்கு, மாரிகாலத்தில் சமையலறை உப்புப் போத்தல் கசிவதைப் போல, அந்த உப்பு நம் ஊர்க் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பற்றரியின் மின்சாரமும் அந்த ஈரத்தோடு சேர்ந்தால் போர்டில், அதாவது உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையில், உள்ள செம்பு அரிக்கத் தொடங்கும். போனை அணைத்தது மிக நல்ல காரியம். ஆனால் பற்றரி உள்ளே இணைந்திருக்கும்வரை போர்டின் சில பகுதிகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

அரிசி இந்த உப்பில் ஒரு துகளைக்கூட எடுக்காது. மாறாக, அதன் மாவு சார்ஜ் துளைக்குள் போய்ப் பசையாக ஒட்டிக்கொள்ளும். ஐபோனை அரிசிப் பைக்குள் வைக்க வேண்டாம், அரிசித் துகள்கள் போனைப் பழுதாக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

கடல்நீர் பட்ட போனை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இதைச் சொன்னால் கடைக்கு வருபவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஏற்கெனவே நனைந்துவிட்ட பொருள்தானே! போன் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உறையைக் கழற்றி, குடிதண்ணீரை மெதுவாக ஊற்றி அலசுங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அது உதவாது. ஒரு போத்தல் குடிதண்ணீர் வாங்குங்கள். நீர் புகாத வகைப் போன் என்றால் சிம் தட்டு மூடியே இருக்கட்டும். அலசித் துடைத்த பிறகு தட்டை எடுத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள். மற்றப் போன்களில் தட்டை எடுத்துவிட்டு அலசி, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே பற்றரியைப் பிரித்து, போர்டின் மேலுள்ள தகடுகளைக் கழற்றி, சீக்கிரம் ஆவியாகிவிடும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தூரிகையால் தேய்த்துக் கழுவுவார்கள்.

வெயிலில் வைப்பது, ஹெயார் டிரையர் பிடிப்பது, உதறுவது எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் விட மோசமானது, 'உயிர் இருக்கிறதா பார்ப்போம்' என்று சார்ஜில் போடுவது. என் மேசைக்கு வந்து மீளாத போன்களில் பலவற்றின் கதை அதுதான். பற்றரி உப்பியிருந்தாலோ போன் சூடாகிறது என்றாலோ வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

தூசும் நீரும் புகாது என்பதைக் காட்டும் ஐபி68 தரக்குறி பெட்டியில் போட்டிருக்கிறதே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில், அசையாத நன்னீரில் நடப்பது. அலையும் உப்பும் அந்தக் கணக்கில் இல்லை. கன்னியா ஊற்றின் வெந்நீரும் இல்லை. தவிர, போன் பழையதாக ஆக உள்ளிருக்கும் பசையும் தளர்ந்துவிடும். உத்தரவாதத்தையும் பெரிதாக நம்பாதீர்கள். பல போன்களில் ஈரம் பட்டால் சிவப்பாகும் சிறு ஒட்டி ஒன்று உள்ளே இருக்கும். அது சிவந்துவிட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் கைவிரித்துவிடும்.

போன் திரும்ப இயங்கினால், முதல் வேலையாகப் படங்களையும் தொலைபேசி எண்களையும் வேறோர் இடத்தில் பதிந்துவையுங்கள். உப்பு மிச்சமிருந்தால் சில வாரம் ஒழுங்காக வேலை செய்துவிட்டுத் திடீரென்று நின்றுபோகும்.

கடைக்காரரிடம் கடல்நீர் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 'மழைத் தூறல்தான் பட்டது' என்பார்கள் சிலர். திறந்தால் சார்ஜ் துளையில் மணல் இருக்கும்.