செத்தவர்களின் ஆவியே வராது என்பதால்தான் பைபிளின் பழைய ஏற்பாடு அவர்களிடம் குறி கேட்பதைத் தடை செய்ததா?

இல்லை. தடை இருந்தது உண்மை. உபாகமம் 18-ஆம் அதிகாரம் செத்தவர்களிடம் விசாரிப்பதை நேரடியாகவே விலக்குகிறது, லேவியராகமம் 20:27 குறி சொல்பவர்களைக் கல்லெறிந்து கொல்லச் சொல்கிறது. ஆனால் "அது வெறும் ஏமாற்று" என்று அந்த இரண்டு இடத்திலும் சொல்லவில்லை.

1 சாமுவேல் 28-ஐ எடுத்துப் படியுங்கள். குறி சொல்பவர்களைத் தேசத்தைவிட்டுத் துரத்திய அதே இஸ்ரவேல் ராஜா சவுல், எதிரிகளான பெலிஸ்தர் படையைக் கண்டு பயந்து, கனவிலும் தீர்க்கதரிசிகளிடமும் பதில் கிடைக்காமல், வேற்று உடை போட்டுக்கொண்டு ராத்திரியில் எந்தோரில் இருந்த ஒரு பெண்ணிடம் போய், செத்துப்போன தீர்க்கதரிசி சாமுவேலை எழும்பிவரச் செய் என்கிறான். அவரைப் பார்த்ததும் அவள் அலறுகிறாள். பூமிக்குள்ளிருந்து ஏறிவருவதை அவள் 'எலோகிம்' என்கிறாள், அதாவது எபிரேயத்தில் கடவுளுக்குச் சொல்லும் அதே சொல்! சால்வை போர்த்திய கிழவர் என்று அடையாளம் சொன்னதும் அது சாமுவேல் என்று சவுலுக்குப் புரிந்துவிடுகிறது. என்னை ஏன் தொந்தரவு செய்தாய் என்றுதான் சாமுவேல் கேட்கிறார்.

தமிழ் வேதாகமம் அவளை 'அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீ' என்கிறது. நமக்கு உடனே மை போட்டுப் பார்ப்பது ஞாபகம் வரும், ஆனால் எபிரேயத்தில் இருப்பது 'ஓவ்' என்ற சொல், ஆவியையும் குறிக்கும், அதை வைத்திருப்பவரையும் குறிக்கும். ஏசாயா 29:4 அதன் குரலைத் தரையிலிருந்து, புழுதிக்குள்ளிருந்து முணுமுணுப்பாக வருவதாக வர்ணிக்கிறது. அப்புறம், பிரச்சினை யாரிடம் கேட்பது என்பதில்தான்: ஏசாயா 8:19 கேட்பதும் அதைத்தான், தன் தேவனிடம் விசாரிக்க வேண்டிய ஜனம் செத்தவர்களிடம் போகலாமா என்று.

எனக்கு மறக்காதது கடைசிக் காட்சி. பகலும் இரவும் சாப்பிடாமல் தரையில் விழுந்து கிடக்கும் ராஜாவுக்கு, அவன் சட்டத்தால் உயிருக்குப் பயந்து வாழ்ந்த அந்தப் பெண்தான் கொழுத்த கன்றுக்குட்டியை அடித்து, மாவு பிசைந்து, புளிப்பில்லாத அப்பம் சுட்டுக் கொடுக்கிறாள்.