தேவாரம் வருகிறது, பேச்சு வரவில்லை

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. வலது கை விளங்கவில்லை. ‘ஆமா’ என்பதைத் தவிர பேச்சில்லை. ஆனால் அம்மா தேவாரம் பாடினால் வார்த்தை பிசகாமல் கூடவே பாடுகிறார். ஒரு மையத்தில், நோய்க்கொரு ராகம் என்று அட்டவணை காட்டி ஒலிப்பதிவு விற்கிறார்கள். விலை அதிகம். வாங்கலாமா?

க.

அன்புள்ள க.,

வாங்க வேண்டாம். அந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இசை நோயாற்றும் என்பதை முழுமனதோடு நம்புகிறவன் நான். அதனாலேயே இந்த அட்டவணைகள் மேல் கோபம். தெற்கு இத்தாலியில் சலேந்தோ என்றொரு பகுதி. அங்கே ஒரு காலத்தில் கோடை அறுவடையின்போது பெண்கள் சுருண்டு விழுவார்கள், சிலந்தி கடித்துவிட்டது என்பார்கள். வயலினும் கைப்பறையும் வீட்டுக்கு வரும். தரையில் வெள்ளைத் துணி விரித்து அவளைக் கிடத்தி, ஒரு மெட்டை எடுப்பார்கள். உடம்பு அசையாவிட்டால் அடுத்த மெட்டு. எதற்குக் கால் துடிக்கிறதோ அதையே பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் வாசிப்பார்கள். அவள் ஆடி ஓய்ந்து எழுவாள்.

1959-இல் எர்னஸ்டோ டி மார்ட்டினோ என்ற இத்தாலிய மானுடவியலாளர், மனநல மருத்துவரையும் இசை ஆய்வாளரையும் உடன் அழைத்துக்கொண்டு அங்கே போனார். பலருக்குக் கடியே இல்லை. துக்கம், கைகூடாத காதல், வறுமை இவைதான் அடியில் இருந்தன. நோய் வருஷா வருஷம் திரும்பியும் வந்தது. அங்கே பேர்பெற்ற வயலின்காரர் லூயிஜி ஸ்டிஃபானிக்குத் தொழில் முடிதிருத்துவது. எதிரே கிடப்பவளைப் பார்த்துப் பார்த்து வாசித்த கை அது. விலைக்கு வரும் ஒலிப்பதிவு உங்கள் அப்பாவைப் பார்க்காது.

அவருக்கு நடப்பது வேறு விஷயம், அதுவும் புதிதல்ல. பேச்சிழந்த ஒருவர் தேவாலயப் பாடல்களை மட்டும் பாடியதை 1745-இலேயே ஸ்வீடனில் எழுதிவைத்திருக்கிறார்கள். பேச்சுக்குரிய இடங்கள் பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம். பாட்டுக்கு வலப்பக்கமும் கைகொடுக்கிறது. இதை வைத்து 1973-இல் பாஸ்டன் மருத்துவர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அன்றாடம் தேவைப்படும் சிறு வாக்கியம் ஒன்று, ‘தண்ணி வேணும்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டே சுரத்தில், அழுத்தம் விழும் இடத்தை மேலே ஏற்றி, பயிற்சியாளர் முதலில் முனகுவார். பிறகு இருவரும் சேர்ந்து பாடுவார்கள். ஒவ்வொரு அசைக்கும் நோயாளியின் இடது கையை மேசையில் தட்டவைப்பார். மெல்ல மெல்லத் தன் குரலைக் குறைத்துக்கொள்வார். கடைசியில் ராகம் உதிர்ந்து பேச்சு மிஞ்ச வேண்டும். எல்லோருக்கும் இது பலிப்பதில்லை, பலிக்கிறவர்களுக்கும் நாள் பிடிக்கும்.

தேவாரம் வருவதாலேயே பேச்சு வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது மனப்பாடத்திலிருந்து வருகிறது. தாகத்தைச் சொல்ல அது உதவாது. ஆனாலும் பாடட்டும், தினமும் பாடட்டும். எட்டு மாதமாக வாயடைத்துக் கிடக்கும் மனிதருக்குத் தன் குரலைத் தானே கேட்பது எவ்வளவு பெரிய விஷயம்!

மருந்தை நிறுத்தாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு, பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரைப் பாருங்கள். தேவாரம் பாடுவதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்; வீட்டில் தினமும் உடன் பாடப்போவது அவர்தான்.