குடவோலையும் ஒரு வாக்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்று வர்ஜீனியாவில் வசிக்கிறாள். பருவநிலை மாற்றத்தை முன்வைத்து அங்குள்ள சட்டமன்றத்துக்குப் போட்டியிடும் ஒருவருக்காக, வேலை முடிந்த பிறகு வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்கிறாள். அதிபர் தேர்தல் என்றால் புரிகிறது. ஒரு மாநிலத்தின் ஓர் இடத்துக்கு இத்தனை பாடு எதற்கு? சிங்கப்பூரில் இருக்கும் நானும் அவள் வழியாக 200 வெள்ளி கொடுக்கலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: கொடுக்காதீர்கள். அமெரிக்கக் குடியுரிமையோ அங்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ இல்லாதவர்கள், மத்திய, மாநில, உள்ளூர்த் தேர்தல் எதற்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ நிதி தருவதை அந்நாட்டின் சட்டம் தடை செய்கிறது. மகளின் பெயரில் உங்கள் பணம் போவதும் குற்றமே. அதில் மாட்டிக்கொள்பவள் உங்கள் மகளாகத்தான் இருப்பாள். அவள் தன் சம்பளத்திலிருந்து கொடுப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

ஓர் இடத்துக்கு இத்தனை பாடா என்று கேட்டிருக்கிறீர்கள். 2017 நவம்பரில் வர்ஜீனியா கீழவைக்கு நடந்த தேர்தலில், 94ஆம் தொகுதியில் டிசம்பரில் நடந்த மறு எண்ணிக்கை ஷெல்லி சைமண்ட்சுக்கு ஒரே ஒரு வாக்கு கூடுதல் என்று காட்டியது. பிறகு, சர்ச்சைக்குள்ளான ஒரு வாக்குச்சீட்டு டேவிட் யான்சியின் கணக்கில் சேர்க்கப்பட்டதால் இருவரும் 11,608 என்ற எண்ணில் வந்து நின்றார்கள். 2018 ஜனவரியில் இருவர் பெயரையும் சிறு குப்பிகளில் இட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு, ஒன்றை எடுத்தபோது யான்சியின் பெயர் வந்தது. நூறு உறுப்பினர் கொண்ட அவையில் அவருடைய கட்சிக்கு 51, எதிர்க்கட்சிக்கு 49 என்று ஆனது. (பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர்க்காரர்கள் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்ததைக் கல்வெட்டில் படித்த நமக்கு இது அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது, ஆனால் உத்திரமேரூரில் குலுக்கல்தான் முறை, வர்ஜீனியாவில் சமநிலை ஏற்பட்டால் மட்டும்.) 2019இல் சைமண்ட்ஸ் அதே இடத்தை வென்றார், அவருடைய கட்சி இரு அவைகளையும் கைப்பற்றியது. அடுத்த ஆண்டே, மாநிலத்தின் மிகப் பெரிய மின் நிறுவனம் 2045க்குள் கரிமம் வெளியேற்றாத மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்ற சட்டம் நிறைவேறியது. அந்நாட்டில் எந்த மின்நிலையம் கட்டப்படும், மின்கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது என்பவற்றைப் பெரும்பாலும் மாநிலங்களே முடிவு செய்வதால், பருவநிலையைப் பொறுத்தவரை உங்கள் மகள் தட்டுவது சரியான கதவைத்தான்.

நீங்கள் அங்கே போயிருக்கும் சமயம் தேர்தல் வேலை நடந்தால், ஊதியம் வாங்காமல் தொண்டராக உதவுவதற்குத் தடையில்லை. பிரசாரம் பற்றி முடிவெடுப்பதில் மட்டும் தலையிடக் கூடாது.

கேள்வி: நான் மயிலாடுதுறைக்காரன், துவாசில் வேலை பார்க்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசி, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் கடலரிப்பு, வயல்களில் உப்பேறுவது போன்றவற்றைப் பேசும் ஒருவரை என்னால் ஆதரிக்க முடியுமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: உங்களால் முடியும், மேலே எழுதிய அம்மாவைவிட உங்கள் நிலை நல்லது. வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத இந்தியர், வெளிநாடுவாழ் வாக்காளராகப் படிவம் 6ஏ வழியாகத் தம் கடவுச்சீட்டிலுள்ள இந்திய முகவரிக்குரிய தொகுதியில் பெயர் சேர்க்கலாம். ஆனால் வாக்களிக்க, அசல் கடவுச்சீட்டோடு அந்த வாக்குச்சாவடிக்கே நேரில் போக வேண்டும். விமான டிக்கெட்டும் விடுப்பும் கிடைப்பவருக்கு மட்டுமே பயன்படும் உரிமை இது என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

சட்டமன்றத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு உங்கள் மண்ணே சாட்சி. 2020 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கி, புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தைத் தடுத்தது. அன்று உங்கள் ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்ததால் அதுவும் அதற்குள் அடங்கியது. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. ஆகவே உங்களிடம் வாக்குக் கேட்டு வருபவரிடம், ‘சுற்றுச்சூழலைக் காப்பீர்களா’ என்று கேட்டுப் பயனில்லை. யாரும் ‘மாட்டேன்’ என்று சொல்லப் போவதில்லை. அந்த விலக்கைப் பற்றி என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிகளையும் அதையே கேட்கச் சொல்லுங்கள். அதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை.

கேள்வி: எல்லா வேட்பாளர்களும் ‘பசுமை’ என்கிறார்கள். உண்மையாகவே அக்கறை உள்ளவரை எப்படி அடையாளம் காண்பது?
– மாணவி, பொங்கோல்

பதில்: செலவைப் பற்றிப் பேசுகிறாரா என்று பாருங்கள். வெளியேற்றும் கரிமத்துக்கு விலை வைத்தால் மின்கட்டணமோ பெட்ரோல் விலையோ ஓரளவு ஏறும். அதை மறைப்பவர் பின்னால் கைவிடுவார். நம் சிங்கப்பூரில் கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கி, 2024இல் 25 ஆகி, 2026இல் 45 வெள்ளியாகும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. வீவக (வீட்டு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வசிக்கும் குடும்பங்களுக்கு, மின்சார, தண்ணீர்க் கட்டணத்தைக் குறைக்கும் யூ-சேவ் தள்ளுபடி கூட்டப்பட்டதும் அந்தக் கணக்கைச் சேர்ந்ததுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2021இல் சட்டமன்றம் இயற்றிய, கரிமத்துக்கு விலை வைக்கும் சட்டத்தை, பெட்ரோல் விலையைக் காரணம் காட்டி ரத்துசெய்ய 2024 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது, ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் ரத்து வேண்டாம் என்றனர். வசூலான பணம் பேருந்துக்கும் காற்றின் தூய்மைக்கும் போவதை அவர்களால் கண்ணால் பார்க்க முடிந்தது அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஆகவே உங்கள் தொகுதியின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போகும் நாளில் இரண்டைக் கேளுங்கள்: விலை யார் மீது விழும், வசூலான பணம் எங்கே போகும்.