விமான எஞ்சினின் துணைக்கருவிகளை எட்டும் இடத்தில் வைப்பது ஏன்?

எரிபொருள் பம்ப், ஹைட்ராலிக் பம்ப், ஜெனரேட்டர் என எஞ்சினின் சுழற்சியிலேயே ஓடுபவைதான் துணைக்கருவிகள். ஒரே கியர்பாக்ஸில் வரிசையாகத் தொங்கும். பழுதானால் எஞ்சினை இறக்காமல் இவற்றை மட்டும் மாற்ற வேண்டும், அதுவும் அடுத்த பயணத்துக்குள்.

ஃபியூஸ் பெட்டியை பீரோவுக்குப் பின்னால் வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் பீரோவை நகர்த்தணும். அதனால்தான் பல எஞ்சின்களில் கியர்பாக்ஸ் முன்பக்க விசிறி உறைமேல் இருக்கிறது. மூடியைத் தூக்கினால் கைக்கு எட்டும், சூடும் குறைவு. ஜெனரேட்டரின் ஆயில் அளவைச் சின்னக் கண்ணாடி வழியே பார்த்துவிடலாம். ஆனால் எஞ்சினின் வெளியுறை பருத்துவிடும். காற்றுத் தடை கூடும். சில எஞ்சின்களில் உள்ளே சூடான பகுதியருகே ஒளித்து வைப்பது அதைத் தவிர்க்கத்தான். மெக்கானிக்குகள் பாவம்!

போயிங் 737 எஞ்சின் உறையின் தட்டையான அடிப்பாகம் பராமரிப்பு வசதிக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, தரைக்கும் எஞ்சினுக்கும் இடைவெளி போதாமல் 1980களில் கருவிகளைப் பக்கவாட்டுக்குத் தள்ளியதால் வந்த வடிவம் அது.