கம்பிக்கு ஒரு கல்

அன்புள்ள ஐயா,

பல்லடத்தில் விசைத்தறி வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன் விமானி ஆக வேண்டும் என்கிறான். இங்கே 200 மணி நேரம் பறந்தால் உரிமம், அமெரிக்காவில் 1500 என்கிறார்கள். எது சரி? கடைசி நாற்பது மணி நேரத்தை, பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் ‘லாக்புக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம்’ என்கிறார் ஒரு முகவர். செலவு குறையுமாம். நம்பலாமா?

வாசகர், பல்லடம்

அன்புள்ள நண்பருக்கு,

1500 நம் ஊரிலும் உண்டு. அது கேப்டனாக வேண்டிய உரிமத்துக்கு. 200 என்பது வணிக விமானி உரிமத்துக்கு. அதன்பின் குறிப்பிட்ட விமானத்தில் தனிப் பயிற்சி பெற்றுத் துணை விமானியாக உட்காரலாம். அமெரிக்காவில் 2009இல் பஃபலோ அருகே விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, 2013 முதல் துணை விமானிக்கும் பெரும்பாலும் 1500 என்றாக்கினார்கள். விழுந்த விமானத்தின் இரு விமானிகளும் அதைவிட அதிக நேரம் பறந்தவர்கள். எது சரி என்று அவர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். விடுங்கள்.

என்னைத் தூங்கவிடாதது அந்த நாற்பது. எந்த நாற்பதை விடப்போகிறீர்கள்? இரவில் பத்து முறை ஏறி இறங்கவேண்டிய ஐந்து மணி நேரத்தையா? வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பத்தையா? தறியில் ஒரு இழை அறுந்தால் நிறுத்திவிட்டு முடிச்சுப் போடும் மனிதரல்லவா நீங்கள்! பெற்ற மகன் விஷயத்தில் இதை ஒரு கேள்வியென்று எழுதியிருக்கிறீர்களே. 2011இல் போலி மதிப்பெண் சான்றிதழோடு விமானம் ஓட்டியவர்கள் கைதானார்கள். பறக்காத நேரத்தை எழுதிக்கொண்டவர்களின் கதையும் அப்போதுதான் வெளிவந்தது.

என் மாமன் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி ஓட்டியவர். அடிக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் தோட்டத்தில் போர் போட்ட இரவு, 20 அடிக் கம்பி ஒவ்வொன்று இறங்கும்போதும் ஒரு கல் எடுத்து வைப்பது எட்டு வயதுப் பையனான என் வேலை. தூங்கிவிட்டேன். விழித்ததும் பயத்தில் கைக்கு வந்த கற்களை அள்ளி வரிசையில் வைத்தேன். விடியற்காலையில் மாமன் வந்து எண்ணினார்: பதினெட்டு. முகமெல்லாம் பாறைப்பொடி, இமைகூட வெள்ளை. அவருக்கு லாபம்தான், அப்பா மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பார். குனிந்து மூன்று கல்லை எடுத்து வேலிக்கு அப்பால் எறிந்தார்.

“மோட்டார் இறக்கும்போது குழாய் சொல்லிவிடும், மாப்பிள்ளை” என்றார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

முகவரின் எண்ணை அழித்துவிடுங்கள். பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் மகனுக்கு விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணிலோ காதிலோ ஏதாவது இருந்தால் இப்போதே தெரியட்டும். அவனுக்கு என் அன்பு. முதன்முறை தனியாகப் பறந்த அன்று எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.